கட்டைவிரல் நடக்க, மற்ற விரல்கள் பாட: விரலால் புளூஸ் லீட் வாசிப்பது எப்படி

கிட்டாரில் பிக் (கம்பியைத் தட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலாலேயே புளூஸ் லீட் (மேலே தனித்து ஒலிக்கும் மெட்டு) வாசிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஸ்கேலைப் படிப்பது என்றுதான். ஸ்கேல் ஒரு பின்னேரத்தில் கைக்குள் வந்துவிடும். மாதக்கணக்கில் இழுத்தடிப்பது கட்டைவிரல். அது யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் தன்பாட்டில் ஒரே சீராக நடக்கப் பழகிவிட்டால், மேலே மூன்றே மூன்று ஸ்வரம் வாசித்தாலும் கேட்கிறவருக்கு அது புளூஸ். அது தடுமாறினால், மேலே எவ்வளவு கெதியாக ஓடினாலும் விரல் பயிற்சி செய்கிற மாதிரித்தான் இருக்கும்.

கட்டைவிரலை நடத்தும் முறைகள் பல இருந்தாலும் முக்கியமானவை இரண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் போன்றவர்கள் ஒவ்வோர் அடிக்கும் கம்பியை மாற்றி மாற்றித் தட்டுவார்கள்: 6, 4, 5, 4 என்ற மாதிரி. டெக்சஸ்காரரான லைட்னின் ஹாப்கின்ஸ் பெரும்பாலும் ஒரே கம்பியில் நின்று 'டும், டும், டும், டும்' என்று வைத்திருப்பார். லீட் வாசிக்க ஆசைப்படுகிறவர் இரண்டாவது முறையில் தொடங்குவதே நல்லது. அதுவும் ஈ சுருதியில். காரணம் எளிது: 6ஆம் கம்பியைச் சும்மா தட்டினால் ஈ, 5ஆம் கம்பியைச் சும்மா தட்டினால் ஏ. பேஸுக்கு (தடித்த கம்பிகளின் அடி ஒலிக்கு) இடக்கை ஒன்றுமே செய்யத் தேவையில்லை, முழுக்கையும் லீடுக்கு மிச்சம். பி7 என்ற கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வரும்போது மட்டும் ஒரு விரலைப் பேஸுக்குக் கொடுக்க வேண்டும்.

(இந்தக் கட்டுரை முழுவதும் 1ஆம் கம்பி என்பது ஆக மெல்லியது, 6ஆம் கம்பி ஆகத் தடித்தது. கம்பிகளைச் சுருதி சேர்ப்பது வழக்கம்போலத்தான், 6ஆம் கம்பியிலிருந்து: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.)

கிட்டாரும் கொழும்புக் காற்றும்

அகூஸ்டிக் கிட்டாரானால் 0.011 அங்குலத்தில் தொடங்கும் கம்பித் தொகுதி போதும். 0.012 போட்டால் பேஸ் கனமாக வரும். ஆனால் கம்பியை வளைக்கும்போது விரல் நோகும், தொடக்கத்தில் அது தேவையில்லாத தண்டனை. எலக்ட்ரிக்கானால் 0.010. கம்பியின் உயரத்தை 12ஆம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அளந்து பாருங்கள். அகூஸ்டிக்கில் 6ஆம் கம்பி 2.5 மில்லிமீட்டருக்குக் கிட்டவும், 1ஆம் கம்பி 1.8க்குக் கிட்டவும் இருந்தால் சரி. இதைவிடத் தாழ்த்தினால் கட்டைவிரல் கொஞ்சம் பலமாகத் தட்டினாலே 6ஆம் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும். பிக்கால் மெதுவாக வாசிக்கிற ஒருவருக்குச் சரியாக இருந்த கிட்டார், புளூஸ் கட்டைவிரலுக்கு இரைவது இதனால்தான். கிட்டார் பழுது என்று நினைத்து விற்றுவிடாதீர்கள்.

கிட்டார்ப் பலகைக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் அது 70க்கு மேல். பலகை ஈரத்தைக் குடித்து முன்பக்கம் மெல்லப் புடைக்கும், பாலம் (கம்பிகளைப் பலகையில் தாங்கும் கட்டை) உயரும், கம்பியும் சேர்ந்து உயரும். மே, ஒக்டோபர் மழைக்காலங்களில் "திடீரென்று கிட்டார் கடினமாகிவிட்டது" என்பவர்கள் கேஸை மூடி, உள்ளே நான்கைந்து சிலிக்கா ஜெல் பை போட்டு இரண்டு கிழமை விட்டுப் பார்க்கட்டும். நிறம் மாறுகிற வகை சிலிக்காவை வாங்கினால், எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பதும் தெரியும். ஏசி அறையில் இருந்த கிட்டாரை வெளியே எடுத்த உடனே சுருதி சேர்ப்பது வீண் வேலை. குளிர்ந்த கம்பியில் ஈரம் படியும், சூடேறச் சூடேறச் சுருதி இறங்கும். கேஸோடு கால் மணித்தியாலம் வைத்துவிட்டு எடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். மேற்பூச்சுள்ள கம்பி விலை கூட; ஆனாலும் அங்கே அதுதான் கடைசியில் மலிவு. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் மேலே மட்டும் துடைத்தால் போதாது, துணியைக் கம்பிக்கு அடியில் விட்டும் இழுக்க வேண்டும். துரு அடியில்தான் பிடிக்கும். இன்னொன்று, நம் சாப்பாட்டுக் கையும் கம்பி தட்டும் கையும் ஒன்றே. கறி எண்ணெய் பேஸ் கம்பியின் சுருளுக்குள் போய்விட்டால் ஒரே கிழமையில் அதன் ஒலி மங்கிவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டுத் தொடுங்கள். கழுவிய கையோடு உடனே வாசித்தாலும் பிழை. ஊறிய தோலைக் கம்பி அறுக்கும்.

ஃபிரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே உறையும், ஏசி அறையில் ஃபிரெட் ஓரங்களில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு தூசியைச் சேர்க்கும்.

வலக்கை

கைமுட்டுக்குக் கீழ்ப்பகுதியைக் கிட்டாரின் மேல்விளிம்பில் இலேசாகப் போட்டு, மணிக்கட்டைத் தளர்வாக விடுங்கள். கட்டைவிரல் 6, 5, 4 ஆகிய கம்பிகளுக்குப் பொறுப்பு. சுட்டுவிரல் 3க்கு, நடுவிரல் 2க்கு, மோதிரவிரல் 1க்கு. இது தொடக்கத்துக்கான ஏற்பாடு மட்டுமே. ரெவரெண்ட் கேரி டேவிஸ் கட்டைவிரலும் சுட்டுவிரலும் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தவர். போகப்போக உங்கள் கை தனக்கு வசதியான வழியைத் தேடிக்கொள்ளும்.

கட்டைவிரல் மற்ற விரல்களைவிடக் கிட்டாரின் கழுத்துப் பக்கமாக மூன்று நான்கு சென்ரிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விரல்களுக்கு நேர் மேலே இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கம்பியை வெளியே கொக்கிபோட்டு இழுக்காமல், உடம்புப் பக்கமாக அழுத்தித் தள்ளி, அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்க விடுங்கள். 6ஆம் கம்பியைத் தட்டிய கட்டைவிரல் 5ஆம் கம்பியில் ஓய்வெடுக்கும். ஒலி தடிக்கும்; அதைவிட முக்கியம், அடுத்த அடிக்குக் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

அடுத்தது உள்ளங்கையின் அடிப்பகுதி. சின்னவிரல் பக்கத்து மேட்டைப் பாலத்தில், கம்பி தன்னைத் தாங்கும் எலும்புத்துண்டை விட்டு வெளியே வரும் இடத்தில், 6, 5, 4 கம்பிகள் மட்டும் படும்படி வையுங்கள். இதுதான் பாம் மியூட். பேஸ் 'டூம்ம்ம்' என்று நீளாமல் 'டும்' என்று நின்றால்தான் மேலே வரும் லீட் துலங்கும். மேடு ஒரு சென்ரிமீட்டர் முன்னே போனால் கம்பி செத்து 'டொக்' என்று மட்டும் கேட்கும். பின்னே போனால் மியூட்டே இருக்காது. சரியான இடத்தில் ஈ என்ற ஸ்வரமும் தெரியும், அடியும் தெரியும். அந்த இடம் கிட்டாருக்குக் கிட்டார் மில்லிமீட்டர் கணக்கில் மாறும், காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1, 2, 3 கம்பிகளில் மேடு படவே கூடாது. பட்டால் லீடும் சேர்ந்து அமுங்கிப்போகும்.

நகமா தோலா என்ற கேள்விக்கு எங்கள் விடை: தோல், அதன் பின்னால் ஒரு மில்லிமீட்டர் நகம். தோல் முதலில் பட்டுக் கடைசியில் நகம் விடுவித்தால் தடிப்பும் கிடைக்கும், கூரும் கிடைக்கும். நீள நகம் இரும்புக் கம்பியில் உடையும். கட்டைவிரலுக்குத் தம்ப் பிக் மாட்டலாம். ஒலி கூடும், ஆனால் மெல்லத் தட்டுவது கடினமாகும். வீட்டில் வாசிக்கிறவருக்கு அவசியமில்லை.

தகிட

ஷஃபிள் என்பது ஓர் அடியை மூன்றாகப் பிரித்து நடுவிலுள்ளதை விட்டுவிடுவது. மிருதங்கப் பாடம் காதில் விழுந்திருந்தால் வேலை பாதி முடிந்தது: ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட சுற்றுக்கு) நான்கு 'தகிட'. 'த'வில் ஒலி, 'கி' மௌனம், 'ட'வில் ஒலி. பைலா கேட்டு வளர்ந்த கொழும்புக் காதுக்கும் மும்மூன்றாக வரும் தாளம் புதிதில்லை. ஆனால் பைலா ஆட்டத்துக்காக முன்னே தள்ளிக்கொண்டு ஓடும். புளூஸ் ஷஃபிள் பின்னால் சாய்ந்து நடக்கும். பைலா பழகிய கை புளூஸில் வேகம் ஏற்றிவிடுவது மிகச் சாதாரணம், ஆகவே மெட்ரோனோம் (சீராக அடி எண்ணும் கருவி) கட்டாயம்.

மெட்ரோனோமை 60இல் வைத்து, கட்டைவிரலால் 6ஆம் கம்பியை ஒவ்வொரு 'த'விலும் மட்டும் தட்டுங்கள். வாயால் 'தகிட தகிட' சொல்லிக்கொண்டே. ஐந்து நிமிடம், வேறொன்றும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு 'த'விலும் கட்டைவிரலோடு சேர்த்து மோதிரவிரலால் 1ஆம் கம்பியைக் கிள்ளுங்கள். இது எளிது, இரண்டும் ஒன்றாக மூடுவதால். பிறகு கட்டைவிரல் 'த'வில், மோதிரவிரல் 'ட'வில் மட்டும். இங்கேதான் எல்லோருக்கும் உடையும். கை ஒரே பிடியாக மூடப் பழகியது. 'ட'வில் விரல் மூடும்போது கட்டைவிரலும் கூடவே ஓடிவரப் பார்க்கும், அல்லது அடுத்த 'த'வில் பிந்தும். வேகத்தை 45க்கு இறக்குங்கள். இறக்கியும் வராவிட்டால் கிட்டாரை வைத்துவிட்டு மேசையில் தட்டிப் பழகுங்கள். கம்பி, ஃபிரெட் என்ற கவலை இல்லாதபோது கைக்கு விஷயம் கெதியாக விளங்கும்.

கட்டைவிரல் தயாரா என்று அறிய நல்ல சோதனை ஒன்று உண்டு. அது நடந்துகொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், நிறுத்தாமல் பதில் சொல்ல முடிய வேண்டும். பதில் சொல்லும்போது பேஸ் தடுக்கினால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

தொடர்மாடியில் இருக்கிறவர்கள் காலால் தாளம் போடும் இடத்தில் ஒரு பழைய சாரத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டாரைவிடக் குதிக்கால்தான் கீழ்வீட்டுக்குக் கேட்கும்.

லீட்: காந்தாரம் எங்கே இருக்கிறது

ஈ மைனர் பென்டடோனிக்கைத் திறந்த கம்பிகளோடு வாசிக்க: 1ஆம், 2ஆம், 6ஆம் கம்பிகளில் திறந்ததும் 3ஆம் ஃபிரெட்டும்; 3ஆம், 4ஆம், 5ஆம் கம்பிகளில் திறந்ததும் 2ஆம் ஃபிரெட்டும். அவ்வளவுதான். கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு இது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். மேஜர் பென்டடோனிக் மோகனம். புளூஸ் இந்த இரண்டையும் ஒரே பாட்டில் கலந்துகொள்கிறது, அதில் காந்தாரத்துக்குத்தான் முதல் மரியாதை. சாதாரண காந்தாரத்தில் (ஈ சுருதியில் ஜி) தொட்டு, அந்தர காந்தாரத்தை (ஜி ஷார்ப்) நோக்கி நகர்வதும், போய்ச் சேராமல் நடுவில் தொங்குவதும்தான் அந்த ஏக்கத்தின் ஊற்று. கூட, பிரதி மத்யமம் கடந்துபோகும் ஸ்வரமாக வரும்: 5ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட், 3ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட். அதில் நிற்காதீர்கள், கடந்து போங்கள்.

கோர்ட் மாறும்போது காந்தாரமும் இடம் மாறும். இதை மட்டும் மனப்பாடம் செய்தால் உங்கள் லீட் உடனே 'இடம் தெரிந்து' ஒலிக்கும். ஈ7இல் 3ஆம் கம்பியைத் திறந்து தட்டி, 1ஆம் ஃபிரெட்டில் விரலை அடித்து இறக்குங்கள்: ஜியிலிருந்து ஜி ஷார்ப். ஏ7இல் 2ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட்டிலிருந்து 2ஆம் ஃபிரெட்: சியிலிருந்து சி ஷார்ப். பி7இல் 4ஆம் கம்பி திறந்ததிலிருந்து 1ஆம் ஃபிரெட்: டியிலிருந்து டி ஷார்ப். மூன்றும் ஒரே அசைவு, மூன்று இடம். கோர்ட் மாறிய முதல் அடியில் இதைப் போட்டால், கூட வாசிக்க யாரும் இல்லாவிட்டாலும் கேட்கிறவருக்குக் கோர்ட் மாறியது தெரியும்.

இப்போது ஒரு லிக் (சிறு மெட்டுத் துண்டு). கட்டைவிரல் நான்கு 'த'விலும் 6ஆம் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் அடி: 'த'வில் 1ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட், 'ட'வில் அதே கம்பி திறந்து.
இரண்டாம் அடி: 'த'வில் 2ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட், 'ட'வில் திறந்து.
மூன்றாம் அடி: 'த'வில் 3ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட், 'ட'வில் திறந்து.
நான்காம் அடி: 'த'வில் 4ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட். நிறுத்தம்.

'ட'வில் வருபவை எல்லாம் புல் ஆஃப், வலக்கை தட்டுவதில்லை. இடக்கை விரலை நேரே தூக்கினால் ஒலி வராது. தரைப் பக்கமாக இலேசாகச் சுரண்டி விட வேண்டும். 1ஆம் கம்பியில் கூடச் சுரண்டினால் கம்பி ஃபிரெட்போர்டின் ஓரத்தால் வழுக்கி வெளியே போய்விடும், அங்கே கொஞ்சம் அடக்கம் தேவை. நான்காம் அடியில் 4ஆம் கம்பியைச் சுட்டுவிரல் தட்டட்டும், கட்டைவிரல் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது.

முதல் ஸ்வரத்திலேயே லிக்கின் உயிர் இருக்கிறது. மோதிரவிரலை 1ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டில் வைத்து, நடுவிரலையும் அதே கம்பியில் பின்னால் துணைக்கு வையுங்கள். முதலில் ஜி நேராக ஒலிக்கட்டும். ஒலித்த பிறகு கம்பியை மேற்கூரைப் பக்கமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளுங்கள். விரலின் மூட்டால் தள்ளினால் நடுங்கும்; மணிக்கட்டைக் கதவுக் கைப்பிடி திருப்புவதுபோல் திருப்பினால் வழுவழுப்பாகப் போகும். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் இதே வேலைதான். எவ்வளவு தூரம்? போனில் ட்யூனரைத் திறந்து பாருங்கள். ஜியிலிருந்து 30 முதல் 50 சென்ட் போனால் போதும். 100 போனால் ஜி ஷார்ப் ஆகிவிடும், அந்தத் தொங்கல் போய்விடும். தொடங்கும்போதே வளைத்து வைத்துத் தட்டுவது பரவலான பிழை. அப்போது அது சுருதி சேராத கம்பிபோலத்தான் கேட்கும். நேராகத் தொடங்கி நகர்ந்தால்தான் காது அதை வேண்டுமென்றே செய்ததாக ஏற்கும்.

ஏ7இல் இந்த வளைவைக் குறையுங்கள். அங்கே ஜி ஏழாவது ஸ்வரம், கோர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை ஜி ஷார்ப் பக்கம் தள்ளினால் கோர்ட்டோடு மோதும்.

பன்னிரண்டு பார்

ஈ7 நான்கு பார், ஏ7 இரண்டு, ஈ7 இரண்டு, பி7 ஒன்று, ஏ7 ஒன்று, கடைசி இரண்டும் டர்ன்அரவுண்ட் (மீண்டும் முதல் பாருக்குத் திருப்பிவிடும் பகுதி). ஏ7க்குக் கோர்ட் பிடிக்கத் தேவையே இல்லை. கட்டைவிரலை 6இலிருந்து 5க்கு மாற்றினால் போதும், மேலே அதே லிக்கை வாசிக்கலாம். நான்காம் அடியில் மட்டும் 4ஆம் கம்பிக்குப் பதிலாக 2ஆம் கம்பியில் 1இலிருந்து 2ஆம் ஃபிரெட்டுக்கு அடித்து இறக்குங்கள்.

பி7க்கு 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட்டில் நடுவிரல், 4ஆம் கம்பி 1இல் சுட்டுவிரல், 3ஆம் கம்பி 2இல் மோதிரவிரல். 1ஆம் கம்பியைச் சின்னவிரலால் 2இல் பிடியுங்கள், பிடிக்க முடியாவிட்டால் தட்டாமல் விடுங்கள். கட்டைவிரல் 5ஆம் கம்பியில். சுட்டுவிரலைத் தூக்கி இறக்கினாலே டி, டி ஷார்ப் வந்துவிடும்; இதை 'ட'வில் தொடங்கி அடுத்த 'த'வில் சேருங்கள். 6ஆம் கம்பியின் ஈ பழக்கதோஷத்தில் உள்ளே வரும். அதைத் தடுக்க, பி7 வருவதற்கு முந்தைய அடியிலேயே கட்டைவிரலை 6ஆம் கம்பி மேல் ஒரு கணம் வைத்து அமர்த்திவிடுங்கள்.

எல்லாப் பாரையும் லீடால் நிரப்பாதீர்கள். புளூஸ் பாட்டு ஒரு வரி பாடி, கிட்டார் பதில் சொல்ல இடம் விட்டு, அதே வரியைத் திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் முடிப்பது. லீடும் அப்படித்தான். 1ஆம், 2ஆம் பாரில் லிக். 3ஆம், 4ஆம் பாரில் கட்டைவிரல் மட்டும். 5ஆம், 6ஆம் பாரில் அதே லிக், 7ஆம், 8ஆம் பாரில் மறுபடி கட்டைவிரல். 9ஆம், 10ஆம் பாரில் வேறொரு பதில். வெறும் பேஸ் நடக்கும் அந்த இரண்டு பாரைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவது பலருக்கு லிக்கைவிடக் கடினம், ஆனால் அதைச் செய்யாதவரை எந்த லிக்கும் எடுபடாது.

டர்ன்அரவுண்டுக்கு வருவோம். 11ஆம் பார் முதல் அடியில் பேஸ் மட்டும். இரண்டாம் அடியில் 3ஆம் கம்பியையும் 1ஆம் கம்பியையும் 4ஆம் ஃபிரெட்டில் பிடித்து ஒன்றாகக் கிள்ளுங்கள்: 3இல் நடுவிரல், 1இல் மோதிரவிரல். மூன்றாம் அடியில் அதே பிடி 3ஆம் ஃபிரெட்டில், நான்காம் அடியில் 2ஆம் ஃபிரெட்டில். 12ஆம் பார் முதல் அடியில் 3ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட்டும் 1ஆம் கம்பி திறந்தும். கட்டைவிரல் இவ்வளவு நேரமும் 6ஆம் கம்பியில் நடந்துகொண்டே இருக்கிறது. 3ஆம் ஃபிரெட்டில் வரும் அந்தக் கசப்பான மோதல்தான் இதன் அழகு, அதைத் தவறென்று நினைத்து அவசரமாகத் தாண்டாதீர்கள். நடுவிலுள்ள 2ஆம் கம்பியை நடுவிரலின் அடிச்சதையால் தொட்டு அமர்த்துங்கள். ஒலித்தால் பெரிய பிழையில்லை, ஆனால் இரண்டு குரல் என்ற தெளிவு கலங்கிவிடும். பிறகு 12ஆம் பார் இரண்டாம் அடியில் கட்டைவிரலால் 5ஆம் கம்பி: 'த'வில் திறந்து, 'ட'வில் 1ஆம் ஃபிரெட். மூன்றாம் அடியில் பி7, நான்காம் அடிவரை பிடித்து வைத்திருங்கள். மீண்டும் முதல் பார்.

பாட்டை முடிக்கும் சுற்றில் பி7க்குப் போகக் கூடாது. 12ஆம் பாரின் முதல் அடிக்குப் பிறகு, இரண்டாம் அடியின் 'ட'வில் சுட்டுவிரலை 1ஆம் ஃபிரெட்டில் முதல் நான்கு கம்பிகளுக்கும் குறுக்காகப் படுத்தி, 3ஆம் கம்பியில் நடுவிரலை 2ஆம் ஃபிரெட்டில் வைத்துக் கிள்ளுங்கள்: அது எஃப்7. மூன்றாம் அடியில் அப்படியே ஒரு ஃபிரெட் கீழே: 3ஆம் கம்பி 1இல், மற்ற மூன்றும் திறந்து, கூடவே 6ஆம் கம்பி. கை மேட்டைத் தூக்கி முழுக்க ஒலிக்க விடுங்கள்.

மூன்று சுற்று, தொடர்ச்சியாக, கட்டைவிரல் தடுக்காமல் வந்தால் மெட்ரோனோமை நான்கு புள்ளி ஏற்றலாம். 90க்கு வந்த பிறகு அதை 45இல் வைத்து, ஒலியை இரண்டாம், நான்காம் அடியாக எண்ணிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். தாளம் உங்களிடம் இருக்கிறதா மெட்ரோனோமிடம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். போனில் பதிவுசெய்து கேட்கும்போது லீடைக் கேட்காதீர்கள், பேஸை மட்டும் பின்தொடருங்கள்.

பேண்டோடு, எலக்ட்ரிக்கில்

பேஸ் கிட்டார்க்காரர் ஒருவர் இருந்தால் உங்கள் கட்டைவிரலுக்குப் பேஸ் வேலை இல்லை. அங்கேயும் டும் டும் என்று தட்டிக்கொண்டிருந்தால் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பீர்கள். இப்போது கட்டைவிரலின் வேலை காவல். நீங்கள் 2ஆம் கம்பியில் வாசித்தால் அது 4ஆம், 5ஆம் கம்பிகளில் சாய்ந்து கிடந்து அவற்றை அமர்த்த வேண்டும். ஆம்ப்பைக் கூட்டி வைக்கும்போது, தட்டாத கம்பிகள் தாமாகவே இரைவதுதான் விரலால் வாசிப்பவருக்கு முதல் எதிரி. இடக்கைச் சுட்டுவிரலின் நுனியும் பக்கத்துத் தடித்த கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

விரல் தருகிற பெரிய வரம், ஒவ்வொரு ஸ்வரத்தின் குணத்தையும் வேறாக்கலாம் என்பது. இடக்கைக்காரரான ஆல்பர்ட் கிங் கம்பிகளின் வரிசையை மாற்றாமலே கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் தட்டி, கம்பியைக் கீழ்நோக்கி இழுத்து வளைத்தார். ஆல்பர்ட் கொலின்ஸ் கேப்போவை (கழுத்தில் மாட்டும் கவ்வி) உயரத்தில் மாட்டி, கம்பியைச் சுண்டி வாசித்தார். ஹௌலின் வுல்ஃபோடு வாசித்த ஹியூபர்ட் சம்லினும் பிக்கை விட்டவர். மூவருடைய ஒலியும் மூன்று திசை. சுண்டுவதற்கு: சுட்டுவிரல் நுனியைக் கம்பிக்கு அடியில் விட்டு, வெளியே தூக்கி விடுங்கள், கம்பி ஃபிரெட்டில் அடித்து 'சட்' என்று பேசும். ஒரு வரியில் ஒரு தடவை போதும். எல்லா ஸ்வரத்தையும் சுண்டினால் சண்டைபோடுவதுபோல் ஆகிவிடும். வேகமாக ஓட வேண்டிய இடத்தில் கட்டைவிரல் கீழே, சுட்டுவிரல் மேலே என்று மாற்றித் தட்டுங்கள். கட்டைவிரல் தடிப்பாகவும் சுட்டுவிரல் கூராகவும் ஒலிப்பது குறையில்லை; அழுத்தம் வர வேண்டிய ஸ்வரம் சுட்டுவிரலுக்கு வரும்படி தொடங்குங்கள்.

ஏ சுருதியில் 5ஆம் ஃபிரெட்டில் கை வைத்தால், காந்தாரம் 3ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட்டில். சுட்டுவிரலால் தரைப்பக்கமாகக் கொஞ்சம் இழுங்கள். முழுதாகப் போக வேண்டுமானால் 6ஆம் ஃபிரெட் இருக்கிறது. முழு ஸ்வரம் வளைக்க 3ஆம் கம்பி 7ஆம் ஃபிரெட், மோதிரவிரலும் பின்னால் இரண்டு துணைவிரலும்.

ஆம்ப்பில் கெய்னை (உள்வரும் ஒலியின் பலத்தை)ப் பிக்கால் வாசிக்கிறவர் வைப்பதைவிடக் குறைத்து, மெல்லத் தொட்டால் சுத்தமாகவும், பலமாக இழுத்தால் உடைந்தும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். தோலின் ஒலி இருண்டது, ஆகவே ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றலாம். ரிவர்ப் (எதிரொலி) கொஞ்சமே, கூடினால் 'கி' என்ற மௌனம் நிரம்பிவிடும்.

சிங்கிள் காயில் பிக்கப்புள்ள கிட்டார் இங்கே இரைவது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல். அதன் இரண்டாம் மடங்கு 100 ஹேர்ட்ஸ், 6ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டின் ஜிக்கு (98 ஹேர்ட்ஸ்) மிகக் கிட்ட. ஈ புளூஸில் மௌனமான இடங்களில் ஒரு சாதாரண காந்தாரம் தானாகக் கேட்டுக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். எல்இடி டிம்மர், போன் சார்ஜர், டியூப் லைட் ஆகியவற்றிலிருந்து விலகி உட்காருங்கள்; கிட்டாரை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டால் இரைச்சல் குறையும் கோணம் ஒன்று அகப்படும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் சட்டென்று குறைவது இயல்பே. கம்பியைத் தொடும்போது விரலில் சுரீரென்று மின் உணர்வு வந்தால் அது வேறு விஷயம்: பிளக் பொயின்றில் எர்த் சரியில்லை. இரண்டு பின் அடாப்டரைப் போட்டு எர்த்தைத் துண்டித்து வாசிப்பது உயிராபத்து. வாசிப்பதை நிறுத்தி மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த ஆம்ப்பானால், பிளக்கை மாற்றிச் செருகுவதற்கு முன் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் சுவிட்ச் இல்லாவிட்டால் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் தேவை. அதன் அளவு ஆம்ப்பின் ஸ்பீக்கர் வாட்டுக்கு ஏற்ப இருந்தால் போதாது, தகட்டில் 'மின்நுகர்வு' என்று போட்டிருக்கும் வாட்டைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 15 வாட் வால்வு ஆம்ப் சுவரிலிருந்து அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். லண்டனிலிருந்து வந்ததானால் பெரும்பாலும் 230 வோல்ட்தான். பிளக்கும் இங்குள்ள சதுர மூன்று பின் பொயின்றுக்கு அப்படியே பொருந்தும்.